விரிப்பின் அடியில் ஒரு சாவி: ‘டயல் எம் ஃபார் மர்டர்’ நாடகமும் அதன் பிற வடிவங்களும்

1. நடுவரிசை

முதலில் ஒரு வேண்டுகோள். இந்த இழையில் கதையின் முடிவு வரை எல்லாவற்றையும் வெளிப்படையாகப் பேசவிருக்கிறோம். நாடகத்தையோ படத்தையோ இன்னும் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படிப்பது நல்லது.

ஃபிரெடெரிக் நாட் எழுதிய ‘டயல் எம் ஃபார் மர்டர்’ நாடகத்தை நம்மில் பலர் ஆல்ஃபிரெட் ஹிட்ச்காக்கின் 1954ஆம் ஆண்டுப் படமாகவே அறிவோம். நானும் அப்படித்தான் அறிந்திருந்தேன். எங்கள் சிறு நாடகக் குழு ஓர் அரங்க வாசிப்புக்காக இதைத் தமிழாக்க எண்ணியிருப்பதால் மூலப் பிரதியை வரிவிடாமல் படித்தேன். படத்தில் என்னை வியக்கவைத்தவற்றில் பெரும்பகுதி ஹிட்ச்காக் கை வைப்பதற்கு முன்பே தாளில் இருந்திருக்கிறது.

மறந்தவர்களுக்காகக் கதையைச் சொல்லிவிடுகிறேன். டோனி வெண்டிஸ் முன்னாள் டென்னிஸ் வீரன். பணம் அவன் மனைவி ஷீலாவுடையது. படத்தில் அவள் பெயர் மார்கோ. அவளுக்கு ஒரு காதலன் இருப்பதை அறிந்த டோனி, கல்லூரியில் தன்னோடு படித்த, இப்போது லெஸ்கேட் என்ற பொய்ப் பெயரில் ஏமாற்றிப் பிழைக்கும் ஒருவனை மிரட்டியும் ஆயிரம் பவுண்டு ஆசை காட்டியும் அவளைக் கொல்ல இசைய வைக்கிறான். மனைவியின் வீட்டுச் சாவியை அவளறியாமல் எடுத்து, வாசலுக்கு வெளியே படிக்கட்டு விரிப்பின் அடியில் வைக்கிறான். இரவு அவன் வெளியிலிருந்து தொலைபேசியில் அழைக்க, எழுந்து வந்து தொலைபேசியை எடுப்பவளைத் திரைக்குப் பின்னால் நிற்பவன் கழுத்தை நெரிக்க வேண்டும். ஆனால் அவள் கையில் கத்தரிக்கோல் அகப்பட, கொல்ல வந்தவன் சாகிறான். டோனி திட்டத்தை அந்த இடத்திலேயே திருப்பிப்போட்டு, மிரட்டிப் பணம் பறித்தவனை அவளே வீட்டுக்குள் அழைத்துக் கொன்றதாகத் தோன்றச் செய்கிறான். அவளுக்குத் தூக்கு விதிக்கப்படுகிறது.

எல்லாம் ஒரு சாவியில் உடைகிறது. லெஸ்கேட் கதவைத் திறந்தவுடனேயே சாவியை விரிப்பின் அடியில் திரும்ப வைத்துவிட்டு உள்ளே வந்திருக்கிறான். அதை அறியாத டோனி, பிணத்தின் பையில் கிடைத்த சாவியை மனைவியின் கைப்பையில் போடுகிறான். அது லெஸ்கேட்டின் சொந்த வீட்டுச் சாவி.

என் கேள்வி இதுதான். கொலைத் திட்டம் போடுபவன் யார் என்பது முதல் காட்சியிலேயே தெரிந்துவிடுகிறது. அப்படியிருந்தும் இதை மர்ம நாடகம் என்று நாம் சொல்வதற்குக் காரணம் அந்தச் சாவி மட்டுமே என்று நான் கருதுகிறேன். அப்படியானால் தொலைக்காட்சி, மேடை, திரைப்படம், மறுஆக்கங்கள் என்று இந்தக் கதை சென்ற இடங்களில் எது அந்தச் சாவியின் மதிப்பை உணர்ந்து கையாண்டது?

2. ஒளித்திரை

நல்ல கேள்வி, ஆனால் ஹிட்ச்காக்குக்கு நீங்கள் கொடுக்கும் பங்கு போதாது. நாடகம் இருக்கும் அறையைவிட்டு வெளியே ஓடாமல் இருப்பதையே அவர் ஒரு கொள்கையாக வைத்துக்கொண்டார். மேடை நாடகத்தைப் படமாக்குபவர்கள் தெரு, கார், பயணம் என்று சேர்த்து அதன் கட்டுக்கோப்பை அழிக்கிறார்கள் என்று பிரெஞ்சு இயக்குநர் ஃபிரான்சுவா ட்ரூஃபோவுடனான உரையாடலில் அவர் சொல்லியிருக்கிறார். காலடி ஓசை சரியாகக் கேட்க வேண்டும் என்பதற்காக அரங்கத் தரையை உண்மையான ஓடுகளால் அமைத்ததும் இந்தப் படத்துக்காகத்தான்.

அந்த அறையை அவர் வெறுமனே படம் பிடிக்கவில்லை. படம் முப்பரிமாணத்தில் எடுக்கப்பட்டது. அன்றைய முப்பரிமாணப் படங்களில் பார்வையாளர் முகத்தை நோக்கிப் பொருள்களை எறிவது வழக்கமாக இருந்தபோது, இவர் தரையில் குழி தோண்டிக் கேமராவைத் தாழ்வாக வைத்து, விளக்கு, புட்டி, நாற்காலி ஆகியவற்றை முன்னால் நிறுத்தி, மனிதர்களை அவற்றுக்குப் பின்னால் நடமாடவிட்டார். கை முன்னோக்கி நீளும் இடம் ஏறத்தாழ ஒன்றுதான்: கழுத்து நெரிபடும்போது கத்தரிக்கோலைத் தேடும், மனைவியாக நடித்த கிரேஸ் கெல்லியின் கை. டோனி எண்ணைச் சுழற்றும் அண்மைக் காட்சியை முப்பரிமாணக் கேமராவால் தெளிவாக எடுக்க முடியாததால் பெரிய தொலைபேசிச் சுழல்தட்டும் அதற்கேற்ற ராட்சத விரலும் செய்தார்கள். படம் வெளிவரும்போது முப்பரிமாண மோகம் தணிந்துவிட்டதால் பெரும்பாலான அரங்குகளில் தட்டைப் படமாகவே காட்டினார்கள் என்பது எனக்கு இன்றும் வருத்தம் தரும் செய்தி.

நாடகத்தில் வழக்கு விசாரணையைப் பற்றிப் பிறகுதான் கேட்கிறோம். படத்தில் நீதிமன்றமே கட்டப்படவில்லை. நிறம் மாறும் ஒளிக்கு முன்னால் அவள் முகம் மட்டும் இருக்கிறது, குரல்கள் கேட்கின்றன, தீர்ப்பு வருகிறது. தொடக்கத்தில் பளிச்சென்று இருந்த அவள் ஆடைகளும் கதை இருளஇருள மங்கிக்கொண்டே போகின்றன. இவை நாடகப் பிரதியில் கிடைக்குமா?

3. நடுவரிசை

கிடைக்காது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பிரதியில் மட்டும் கிடைக்கும் ஒன்றும் இருக்கிறது. படத்தில் கொலை நேரம் நெருங்கும்போது நாம் டோனியுடன் விருந்தில் இருக்கிறோம். அவன் கைக்கடிகாரம் நின்றுபோனதை அறிகிறோம், தொலைபேசிக் கூண்டில் வேறொருவர் பேசிக்கொண்டிருப்பதைப் பார்க்கிறோம். ஆகவே அழைப்பு ஏன் தாமதமாகிறது என்று நமக்குத் தெரியும். நாடகத்துக்கு ஒரே அரங்க அமைப்பு. இருட்டில் கொலைகாரன் காத்திருக்கிறான், உள்ளறையில் அவள் தூங்குகிறாள், மணி அடிக்கவில்லை. ஏன் என்று அவனுக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. அவன் சலித்துப் புறப்படத் திரும்பும் நேரத்தில் மணி அடிக்கிறது. ஆளரவமற்ற மேடையில் பேச்சே இல்லாமல் கழியும் அந்த நிமிடங்களை நான் எழுத்தில் படித்தபோதே மூச்சு முட்டியது.

இன்னொன்று. படத்துக்குத் திரைக்கதை எழுதியவரும் நாட் தான். எனவே ‘நாட் எதிர் ஹிட்ச்காக்’ என்று பிரிப்பதுகூடச் சரியாகாது.

4. பூட்டுப்பட்டறை

இந்த மன்றத்தில் நான் பெரும்பாலும் வாசிப்பதோடு நிறுத்திக்கொள்பவள். என் தந்தை பூட்டு வேலை செய்தவர் என்பதால் இந்த இழையில் மட்டும் பேசாமல் இருக்க முடியவில்லை.

இந்தக் கதை நடப்பதற்கு ஒரு குறிப்பிட்ட வகைப் பூட்டு வேண்டும். அது கதவோடு பொருத்திய தானியங்கித் தாழ். கதவைச் சாத்தினால் நாக்கு தானே விழுந்து பூட்டிக்கொள்ளும். உள்ளிருந்து திறக்கச் சாவி தேவையில்லை, குமிழைத் திருகினால் போதும். வெளியிலிருந்து வருபவருக்கு மட்டுமே சாவி வேண்டும். நம் ஊர் அடுக்குமாடி வீடுகளில் இதை நைட் லாட்ச் என்று சொல்லி வாங்குகிறோம். லெஸ்கேட் சாவியை உடனே திருப்பி வைத்தது இந்தப் பூட்டினால்தான் இயல்பாகிறது. கதவு ஒருமுறை திறந்துவிட்டால் சாவியின் வேலை முடிந்துவிட்டது. போகும்போது சாத்திவிட்டுப் போகலாம். புறப்படுகையில் சாவியைப் பழைய இடத்தில் வைக்க வேண்டும் என்பது டோனியின் கட்டளை. பதற்றத்தில் ஓடும்போது குனிந்து விரிப்பைத் தூக்கிக்கொண்டிருப்பதைவிட, வரும்போதே வைத்துவிடுவதுதான் அறிவுள்ள திருடன் செய்யும் செயல். டோனியின் திட்டத்தில் பிழை இருந்ததாக எல்லாரும் எழுதுகிறார்கள். என் பார்வையில் திட்டம் சரியாகவே இருந்தது. தான் அமர்த்திய ஆள் தன்னைப் போலவே சிந்திப்பான் என்று அவன் நம்பியதுதான் பிழை.

சாவியால் பூட்டும் தொங்குபூட்டும் நாதாங்கியும் உள்ள வீட்டில் இந்தக் கதை ஓர் அடிகூட நகராது. பூட்டித் திரும்பவும் சாவி வேண்டும் என்பதால் வந்தவன் அதைத் தன்னிடமே வைத்திருப்பான்.

இரண்டாவது செய்தி இன்னும் நுட்பமானது. இந்தப் பூட்டுகளில் ஒரே வகைத் துளை கொண்ட இரண்டு பூட்டுகளை எடுத்துக்கொண்டால், ஒன்றின் சாவி மற்றொன்றில் முழுமையாக உள்ளே போகும். திரும்ப மட்டும் செய்யாது. கண்ணால் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். அதனால்தான் பிணத்தின் பையிலிருந்து எடுத்தபோது டோனிக்கும், பிறகு தன் கைப்பையைப் பார்த்த மனைவிக்கும் ஐயம் வரவில்லை. சாவி உள்ளே போய், கை திரும்பாமல் நிற்கும் அந்த ஒரு கணத்தில்தான் உண்மை வெளியாகிறது. நாட் பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு எழுதியிருக்கிறார் என்று எனக்குத் தோன்றுகிறது.

5. நடுவரிசை

பூட்டுப்பட்டறை அம்மாவுக்கு நெஞ்சார்ந்த நன்றி. இழையைத் தொடங்கியதன் பயன் எனக்குக் கிடைத்துவிட்டது. எங்கள் தமிழாக்கத்தில் ‘பூட்டைத் திறந்து’ என்று பல இடங்களில் எழுதியிருந்தேன். கதவு சாத்தியதும் தானே பூட்டிக்கொள்ளும் என்பதை முதல் காட்சியிலேயே கேட்பவர்களுக்கு உணர்த்தாவிட்டால் இறுதிக் காட்சி விளங்காது என்பதை நான் எண்ணிப் பார்க்கவேயில்லை.

6. சட்டப்புத்தகம்

வழக்குரைஞன் என்ற முறையில் என் கவனம் வேறு பக்கம் செல்கிறது. ஆனால் அதுவும் சாவியில்தான் வந்து முடிகிறது.

தன்னைக் கொல்ல வந்தவனைக் கொன்ற பெண் எப்படிக் கொலைக் குற்றவாளி ஆனாள்? இறந்தவன் முன்வாசல் வழியாகத்தான் வந்தான் என்று காவல்துறை கண்டறிகிறது. அவனிடம் சாவி இல்லை. ஆகவே அவள்தான் கதவைத் திறந்துவிட்டாள் என்ற முடிவுக்கு வருகிறார்கள். காதலன் எழுதிய கடிதம் பிணத்தின் பையில் இருந்தது. முன்பு அவள் கைப்பையோடு அதைத் திருடி, யாரோ போல அவளை மிரட்டியவனும், இப்போது அதை அங்கே வைத்தவனும் டோனியே. மிரட்டிப் பணம் பறித்தவனைத் தீர்த்துக்கட்டக் காரணமும் கிடைத்துவிட்டது. அதாவது டோனி அந்தப் பையிலிருந்து எடுத்த சாவியும் அதே பையில் வைத்த கடிதமும் சேர்ந்துதான் அவள் கழுத்தில் கயிறாகின்றன. அதே சாவிதான் அவனையும் பிடித்துக் கொடுக்கிறது. எந்த மனிதனும் தன் வீட்டுச் சாவி இல்லாமல் வெளியே கிளம்ப மாட்டான் என்ற எளிய உண்மையிலிருந்து ஆய்வாளர் ஹப்பர்ட் தொடங்குகிறார். அவள் கைப்பையில் இருந்த சாவியை எடுத்துச் சென்று லெஸ்கேட்டின் வீட்டுக் கதவில் போட்டுப் பார்க்கிறார், திறக்கிறது.

நாடகம் 1952இல் வந்தது என்பதை மறக்கக் கூடாது. இங்கிலாந்தில் கொலைக்கு மரண தண்டனை 1965ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான் நிறுத்தப்பட்டது. தண்டனை விதித்த பிறகு மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் கழிய வேண்டும் என்பது மரபாக இருந்தது. மேல்முறையீடு இருந்தால் இன்னும் சில வாரங்கள். ஆகவே தீர்ப்புக்கும் தூக்குமேடைக்கும் இடையே சில வாரங்களே இருந்தன. இறுதிக் காட்சி தூக்குக்கு முந்தைய நாளில் நடப்பது அரங்கில் இருந்தவர்களுக்கு நம்ப முடியாததாக இருந்திருக்காது. நம் நாட்டில் செஷன்ஸ் நீதிமன்றம் விதிக்கும் மரண தண்டனையை உயர் நீதிமன்றம் உறுதி செய்த பிறகே நிறைவேற்ற முடியும். அதற்கு மேலும் படிகள் உண்டு. ஆகவே கதையை இங்கே கொண்டுவருபவர்கள் இந்தக் கால நெருக்கடியை இழந்துவிடுவார்கள்.

கணவனைத் தவிர வேறொருவரைக் காதலித்த பெண்ணை அன்றைய நீதிமன்றம் எப்படிப் பார்த்தது என்பதற்கு எடித் தாம்சன் வழக்கைச் சொல்ல வேண்டும். அவர் கணவரைக் குத்திக் கொன்றவர் அவர் காதலர். எடித் அந்தக் காதலருக்கு எழுதிய கடிதங்களை நீதிமன்றத்தில் படித்தே அவரையும் 1923 ஜனவரியில் தூக்கிலிட்டார்கள். ஷீலாவின் கைப்பையில் இருந்த ஒற்றைக் கடிதத்தை நாட் இத்தனை கனமாக்கியதை அந்தப் பின்னணியில் வைத்துப் படித்தால் வலிக்கிறது. நாடகம் வந்து மூன்று ஆண்டுகளில், 1955 ஜூலையில், ரூத் எல்லிஸ் தூக்கிலிடப்பட்டார். பிரிட்டனில் தூக்கிலிடப்பட்ட கடைசிப் பெண் அவர்தான்.

இன்னொன்றையும் நினைவூட்ட வேண்டும். நாட் 2002இல்தான் மறைந்தார். ஆகவே நாடகம் இன்னும் காப்புரிமையில் இருக்கிறது. பொது வாசிப்பானாலும் உரிமையாளரின் இசைவைப் பெற்ற பிறகே அறிவிப்புச் செய்யுங்கள்.

7. நடுவரிசை

இசைவுக்கு எழுதியிருக்கிறோம், ஐயா. பதில் வந்த பிறகே மற்றவை.

தொலைக்காட்சியைப் பற்றி யாரும் சொல்லாததால் நானே சொல்கிறேன். இந்த நாடகம் முதலில் மேடையேறவில்லை. நாட் எழுதி முடித்த பிறகு நாடகத் தயாரிப்பாளர்கள் பலர் மறுத்துவிட்டார்கள். பிபிசி அதை ஏற்று 1952 மார்ச் 23 அன்று தொலைக்காட்சி நாடகமாக ஒளிபரப்பியது. அந்த வரவேற்பைப் பார்த்த பிறகுதான் அதே ஆண்டு ஜூனில் லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் அரங்கில் மேடையேறி 425 காட்சிகள் நடந்தது. அக்டோபரில் நியூயார்க்கின் பிளிமத் அரங்கில் மாரிஸ் எவன்ஸ் டோனியாக நடிக்கத் தொடங்கி 552 காட்சிகள் ஓடியது. ஹப்பர்டாக நடித்த ஜான் வில்லியம்ஸுக்கு அமெரிக்க மேடை நாடகங்களுக்கான ‘டோனி’ விருது கிடைத்தது. அவரையும் லெஸ்கேட்டாக நடித்த ஆன்டனி டாசனையும் ஹிட்ச்காக் படத்துக்கும் எடுத்துக்கொண்டார். படத்தில் அந்த இருவரிடமும் தெரியும் பழுத்த எளிமை நூற்றுக்கணக்கான மேடை இரவுகள் தந்தது. 1958இல் எவன்ஸும் வில்லியம்ஸும் அதே வேடங்களில் அமெரிக்கத் தொலைக்காட்சிக்காக மீண்டும் நடித்தார்கள். 1981இல் கிறிஸ்டோபர் பிளம்மர், ஆஞ்சி டிக்கின்சன் நடித்த இன்னொரு தொலைக்காட்சிப் படமும் வந்தது.

நேரலையாகவே நாடகங்கள் நடிக்கப்பட்ட, சிறு திரையும் குறைந்த இடமும் கொண்ட காலத்தின் தொலைக்காட்சிக்கு ஓர் அறை, ஐந்து மனிதர், ஒரு கதவு என்ற அமைப்பு எத்தனை பொருத்தம் என்று எண்ணிப் பாருங்கள். மேடைக்காரர்கள் குறையாகக் கண்ட குறுகலைத் தொலைக்காட்சி வலிமையாகக் கண்டிருக்கிறது.

படவுரிமையை நாட் ஆயிரம் பவுண்டுக்குத் திரைப்படத் தயாரிப்பாளர் அலெக்சாண்டர் கோர்டாவிடம் விற்றுவிட்டார். லெஸ்கேட்டுக்கு டோனி பேசிய தொகையும் அதுவே. கோர்டா அதைப் பல மடங்கு விலைக்கு வார்னர் நிறுவனத்திடம் விற்றார்.

8. பழைய ரீல்

நம் மொழிக்கு வருகிறேன். 1985இல் சத்யராஜ், சரிதா நடித்து வெளிவந்த ‘சாவி’ இதே கதையைத் தழுவியது. அதே ஆண்டு இந்தியில் முகுல் ஆனந்த் இயக்கத்தில் ராஜ் பப்பர், டிம்பிள் கபாடியா, சுரேஷ் ஓபராய் நடித்த ‘ஐத்பார்’ வந்தது. 1989இல் மலையாளத்தில் ‘நியூ இயர்’. ஒரே மூலம் நான்கைந்து ஆண்டுகளுக்குள் மூன்று இந்திய மொழிகளில் வந்திருக்கிறது.

இந்தக் கதை ஒவ்வோர் ஊரிலும் எந்தப் பெயரில் போயிருக்கிறது என்பதை நான் சேர்த்துவைத்திருக்கிறேன். ஆங்கிலத் தலைப்பில் உள்ள ‘எம்’, கொலை என்று பொருள்படும் ‘மர்டர்’ என்ற சொல்லுக்கும் லண்டனின் மைடா வேல் பகுதிக்கும் பொது. அன்றைய லண்டனில் தொலைபேசி இணைப்பகத்தின் பெயரில் முதல் மூன்று எழுத்துகளைச் சுழற்றிவிட்டுத்தான் எண்களைச் சுழற்ற வேண்டும். வீடு மைடா வேலில் இருப்பதால் டோனியின் விரல் முதலில் போகும் எழுத்து எம். பிரெஞ்சில் ‘குற்றம் ஏறத்தாழக் குறையற்றதாக இருந்தது’ என்று பொருள்படும் தலைப்பு. ஜெர்மனில் ‘அழைத்தால் கொலை’ என்பதுபோல. 1981இல் வந்த சோவியத் தொலைக்காட்சிப் படத்துக்கு ‘டோனி வெண்டிஸின் பிழை’ என்று பெயர். இந்தியில் ‘நம்பிக்கை’. தமிழில் ‘சாவி’.

ஆங்கிலமும் ஜெர்மனும் தொலைபேசியைப் பிடித்துக்கொண்டன. பிரெஞ்சு திட்டத்தைப் பார்த்தது, இந்தி உறவைப் பார்த்தது, ரஷ்ய மொழி மனிதனைப் பார்த்தது. நான் அறிந்த வரையில் கதையின் உயிர்நாடி எங்கிருக்கிறதோ அந்தப் பொருளின் பெயரையே சூட்டிக்கொண்டது தமிழ் மட்டும்தான். இதை நான் பெருமையாகவே சொல்கிறேன்.

9. ஒளித்திரை

தலைப்பிலேயே துப்பைக் கொடுத்துவிட்டால் இறுதியில் என்ன மிஞ்சும், ஐயா?

10. பழைய ரீல்

எல்லாம் மிஞ்சும். சாவி முக்கியம் என்பது முதல் அரைமணி நேரத்திலேயே எல்லாருக்கும் தெரியும். டோனி அதை எடுப்பதையும் மறைப்பதையும் நம் கண் முன்னேதான் செய்கிறான். எந்தச் சாவி எங்கே இருக்கிறது என்பதுதான் மறைபொருள். தலைப்பு அதைச் சொல்லவில்லை. சாவியைப் பற்றிய கதை என்று சொல்லிவிட்டே பார்வையாளரைச் சாவியில் ஏமாற்ற முடிகிறது என்றால், அது மூலத்தின் கட்டுமானத்துக்குச் சான்று.

11. கண்ணம்மா

எல்லாரும் சாவியையும் பூட்டையும் பாராட்டுகிறீர்கள். அந்த வீட்டில் இருக்கும் பெண்ணைப் பற்றி யாராவது பேசுவீர்கள் என்று காத்திருந்தேன். சட்டப்புத்தகம் ஐயா மட்டும் அவள் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

ஷீலா இந்தக் கதையில் தானாகச் செய்யும் செயல் ஒன்றுதான்: கத்தரிக்கோலை எடுப்பது. அதற்கு முன்னும் பின்னும் அவளைச் சுற்றி மூன்று ஆண்கள் திட்டமிடுகிறார்கள், ஊகிக்கிறார்கள், மீட்கிறார்கள். அவள் காதலன் துப்பறியும் கதை எழுதுபவன். அவளைக் காப்பாற்ற அவன் கற்பனையாகச் சொல்லும் கதை ஏறத்தாழ உண்மையாகவே இருக்கிறது. ஆனாலும் அது யாருக்கும் உதவவில்லை. ஹப்பர்ட் அவளைச் சிறையிலிருந்து அழைத்து வந்து, கைப்பைச் சாவியால் கதவைத் திறக்க முடிகிறதா என்று சோதிக்கிறார். தூக்குக்கு ஒரு நாள் மிச்சமிருக்கும் பெண் தன் வீட்டு வாசலில், திறக்காத சாவியுடன், எதற்காக இது நடக்கிறது என்று அறியாமல் நிற்கிறாள். அந்தக் காட்சியை நுட்பமான சோதனை என்று எல்லாரும் புகழும்போது எனக்கு அவள் கைதான் கண்ணுக்குத் தெரிகிறது.

அதனால் 1998இல் வந்த ‘எ பெர்ஃபெக்ட் மர்டர்’ படத்தை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன். அதில் கணவன் அமர்த்தும் கொலையாள் மனைவியின் காதலனே. அது தனிக் கதை. ஆனால் சாவி திறக்கவில்லை என்று கண்டு, தன்னைத் தாக்கியவனின் வீட்டைத் தேடிப் போய்க் கதவில் போட்டுப் பார்ப்பவள் மனைவிதான். காவல் அதிகாரி செய்த வேலையை அவளே செய்கிறாள். ஒரே சாவி கை மாறியதும் கதையின் நாயகரும் மாறிவிடுகிறார்.

ஹிட்ச்காக் படத்திலேயே ஒரு சிறு இடத்தில் கிரேஸ் கெல்லி இதை உணர்ந்திருக்கிறார். தூக்கத்திலிருந்து எழுந்து தொலைபேசியை எடுக்க வரும் காட்சிக்கு வெல்வெட் மேலங்கி அணிய வேண்டும் என்று இயக்குநர் விரும்பினார். வீட்டில் தனியாக இருக்கும் பெண் நள்ளிரவில் தொலைபேசியை எடுப்பதற்காக மேலங்கி தேடி அணிய மாட்டாள் என்று வாதிட்டு, இரவு ஆடையிலேயே நடித்தார்.

2022இல் சான் டியேகோவின் ஓல்டு குளோப் அரங்கில் ஜெஃப்ரி ஹாச்சர் மாற்றி எழுதிய வடிவம் மேடையேறியது. காலமும் ஊரும் மாறவில்லை, காதலன் மட்டும் மேக்ஸின் என்ற பெண்ணாகிவிட்டார். அன்றைய லண்டனில் அந்தக் கடிதம் வெளிப்பட்டால் நேரக்கூடிய அவமானம் பல மடங்காகிறது. மிரட்டலுக்கு ஏன் பணிந்தாள் என்ற கேள்விக்கு இதைவிட வலுவான விடை மூலத்தில் இல்லை.

12. சட்டப்புத்தகம்

கண்ணம்மா அவர்களின் கருத்தில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஹப்பர்டின் சோதனையைப் பற்றி மட்டும் ஒரு சொல். விரிப்பின் அடியில் சாவி இருப்பது அவளுக்குத் தெரியாது என்று நிறுவினால்தான் அவளை விடுவிக்க முடியும். அதை அவளிடம் முன்கூட்டிச் சொல்லியிருந்தால் சோதனையின் சான்று மதிப்பே போயிருக்கும். கொடுமைதான், ஆனாலும் வேறு வழி எனக்குப் புலப்படவில்லை.

13. கண்ணம்மா

அது சரி. வேறு வழி இல்லாத இடத்தில் அவளை நிறுத்தியது ஆசிரியர். நாட் பிறகு எழுதிய ‘வெயிட் அன்டில் டார்க்’ நாடகத்தில், பார்வையற்ற பெண் விளக்குகளை உடைத்து, தன்னைக் கொல்ல வந்தவனைத் தன் இருளுக்குள் இழுக்கிறாள். பதினான்கு ஆண்டுகள் கழித்து அவரே ஷீலாவுக்குக் கடன் தீர்த்தார் என்று நான் நம்புகிறேன்.

14. ஒளித்திரை

‘எ பெர்ஃபெக்ட் மர்டர்’ குறித்து எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. அங்கே கோடிக்கணக்கான சொத்து, ஓவியம், பங்குச்சந்தை, நியூயார்க் நகரம் என்று எத்தனையோ சேர்ந்துவிடுவதால் சாவி பத்தோடு பதினொன்றாகிவிடுகிறது. அதிலிருந்து பிறந்த இந்திப் படம் ‘ஹம்ராஸ்’ (2002) இன்னும் விலகி, மனைவியும் காதலனும் சேர்ந்து பணக்காரனை ஏமாற்றுவதிலிருந்து தொடங்குகிறது. நல்ல பொழுதுபோக்குதான். ஆனால் கதை பெரிதாகும்போதெல்லாம் கதவு சிறிதாகிவிடுகிறது. ஒரே அறையில் இரண்டு மணி நேரம் அடைபட்டிருந்த பார்வையாளருக்கு மட்டுமே ஒரு சாவி துளையில் திரும்பும் ஓசை இடியாகக் கேட்கும்.

இந்த ஒரு பொருளில் நடுவரிசை சொன்னதுதான் சரி என்று இப்போது எண்ணுகிறேன். ஹிட்ச்காக் படத்தின் இறுதியில் ஹப்பர்ட் சன்னல் ஓரம் நின்று, கைப்பைச் சாவியால் கதவைத் திறக்க முடியாத டோனியின் நடை வெளியே தயங்குவதையும், விரிப்பின் அடியில் உள்ள சாவியை உணர்ந்து அவன் திரும்புவதையும் பார்த்துச் சொல்லிக்கொண்டே வருகிறார். அது முழுக்க மேடையின் உத்தி. கேமரா எங்கே வேண்டுமானாலும் போகலாம் என்ற நிலையிலும் அவர் அந்த உத்தியைக் கைவிடவில்லை.

15. நடுவரிசை

நீங்கள் எல்லாரும் எழுதியவற்றை நேற்று எங்கள் குழுவில் படித்துக் காட்டினேன். கதையைச் சென்னைக்கு மாற்றலாம் என்று இருவர் கூறிவந்தார்கள். விரிப்புக்குப் பதிலாக மின்கணக்கிப் பெட்டியில் சாவியை வைக்கலாம் என்றுகூடத் திட்டம் இருந்தது. பூட்டையும் தூக்குத் தண்டனையையும் பற்றி இங்கே வந்த விளக்கங்களுக்குப் பிறகு, 1952ஆம் ஆண்டு லண்டனிலேயே வைத்துக்கொள்வது என்று முடிவாகிவிட்டது. ஷீலா கதவருகே நிற்கும் இடத்தில் வசனத்தைக் குறைத்து, படிப்பவர் சற்று நேரம் பேசாமல் நிற்க வேண்டும் என்றும் குறித்திருக்கிறோம்.

ஒன்று மட்டும் தீராமல் இருக்கிறது. அரங்க வாசிப்பில் அரங்க அமைப்பு கிடையாது. ஆனாலும் அந்தக் கதவின் ஓசை வேண்டும். பதிவு செய்த ஓசை போலியாகக் கேட்கிறது. பூட்டுப்பட்டறை அம்மா வழி சொல்ல முடியுமா?

16. பூட்டுப்பட்டறை

பதிவு ஓசை வேண்டாம். ஒன்றரை அடி அகலமுள்ள கனமான மரப்பலகை ஒன்றில் பழைய நைட் லாட்ச் ஒன்றைப் பொருத்துங்கள். அதன் நாக்கு விழுவதற்கு எதிரே சிறு மரச்சட்டத்தில் கொண்டியை அடித்துக்கொள்ளுங்கள். பலகையை மேசைமேல் வைக்காமல், உள்ளீடற்ற மரப்பெட்டியின்மேல் நிறுத்தினால் அரங்கின் கடைசி வரிசை வரை கேட்கும். புதுப் பூட்டு வேண்டாம், எண்ணெய் காணாத பழையது நல்லது.

இரண்டு சாவிகள் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று அந்தப் பூட்டுக்குரியது, மற்றது அதே வகைத் துளைக்குள் நுழையும் வேறு பூட்டின் சாவி. ஷீலாவின் முறை வரும்போது தவறான சாவியை உள்ளே விட்டு, திருப்பப் பார்த்து, வெளியே எடுங்கள். உலோகம் உரசும் ஓசை மட்டும் வரும். டோனி முதல்முறை முயலும்போதும் அதே ஓசை. அவன் போய்த் திரும்பி வந்த பிறகு சரியான சாவியைப் போடுங்கள். ஊசிகள் ஏறி இறங்கி நாக்கு பின்வாங்கும். இரண்டு ஓசைகளுக்கும் உள்ள வேறுபாட்டை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. சாவிகளில் நூல் கட்டி அடையாளம் வையுங்கள், ஒத்திகையில் மாறிவிடும்.